ஆசிரியராகப் போகும் நம் பிள்ளைகளும் இலவச இணையக் கருவிகளும்



பேத்துப்பாறையிலும் சுற்றுவட்டாரத்திலும் உள்ள நம் குடும்பங்களில் பி.எட். படிக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் பெண் பிள்ளைகள். சிலர் திருமணமாகி, வீட்டு வேலையையும் கைக்குழந்தையையும் பார்த்துக்கொண்டே படிக்கிறார்கள். கல்வி உதவி தொடர்பாக நம் அறக்கட்டளைக்கு வரும் இந்தக் குடும்பங்களிடம் இரண்டு விதமான பேச்சைக் கேட்கிறோம். பெற்றோர், "படிக்கிறேன் என்று சொல்லி எந்நேரமும் செல்போனும் கையுமாக இருக்கிறாள். இது படிப்புதானா?" என்கிறார்கள். பிள்ளைகளோ, "ஆன்லைன் கருவிகளை வைத்துப் பாடம் நடத்திக் காட்டச் சொல்கிறார்கள். எது இலவசம், எதற்குக் காசு கட்ட வேண்டும், எதை நம்பலாம் என்று தெரியவில்லை" என்கிறார்கள்.

இரண்டு பேச்சும் நியாயமானவை. இரண்டுக்கும் சேர்த்தே இந்தக் கட்டுரையை எழுதுகிறோம். பி.எட். படிப்பவர்கள் மட்டுமல்லாமல், அவர்களுடைய அத்தா, அம்மா, கணவர், மாமியார் எல்லோரும் படிக்க வேண்டும் என்பது எங்கள் விருப்பம். பள்ளியில் படிக்கும் பிள்ளைகளை வைத்திருப்போருக்கும் இதில் செய்தி உண்டு.

படிப்பில் செல்போனுக்கு என்ன வேலை?

தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் 2014-ஆம் ஆண்டு விதிகளின்படி பி.எட். இரண்டு ஆண்டுப் படிப்பானது. அதில் 20 வாரங்களாவது பள்ளிக்கூடத்துக்கே போய்ப் பயிற்சி எடுக்க வேண்டும். முதல் ஆண்டில் 4 வாரம், இரண்டாம் ஆண்டில் 16 வாரம் என்பது கணக்கு. அத்துடன், கணினியையும் இணையத்தையும் வகுப்பறையில் எப்படிப் பயன்படுத்துவது என்பதும் அந்தப் பாடத்திட்டத்திலேயே ஒரு பகுதி. ஆகவே, பி.எட். படிக்கும் பிள்ளை செல்போனில் பாட வீடியோக்களையும் செயலிகளையும் தேடிப் பார்ப்பது அவளுடைய படிப்பில் சேர்ந்த வேலைதான்.

பள்ளிக்கூடமும் மாறியிருக்கிறது. வீட்டில் பள்ளிப் பிள்ளை இருந்தால் அதன் பாடப்புத்தகத்தைத் திறந்து பாருங்கள். தமிழ்நாட்டில் 2018-19, 2019-20 கல்வியாண்டுகளில் புதிய பாடநூல்கள் வந்தபோது, பாடங்களுக்குப் பக்கத்தில் கறுப்பு வெள்ளைக் கட்டம் போன்ற கியூஆர் கோடு அச்சாகி வந்தது. செல்போன் கேமராவைக் காட்டினால் அந்தப் பாடத்துக்கான வீடியோவோ பயிற்சியோ திறக்கும். கணக்கு, அறிவியல் புத்தகங்களில் பல பாடங்களின் முடிவில் "இணையச் செயல்பாடு" என்று ஒரு பெட்டி இருக்கும். அதைப் படிப்படியாகச் செய்து பார்க்கும் முறையும் அங்கேயே அச்சாகியிருக்கும். நம்மில் பலர் அந்தப் பக்கத்தைப் புரட்டிவிட்டுப் போயிருப்போம். பயிற்சிக்குப் போகும் ஆசிரியருக்கு அந்தப் பெட்டிதான் முதல் வாசல். அரசின் பாடத்துக்கு ஒட்டியது, தமிழில் உள்ளது, காசு கிடையாது. எந்தப் புதுச் செயலியைத் தேடுவதற்கு முன்பும் இதை முடித்துவிடுவது நல்லது.

முதலில் பார்க்க வேண்டியது பிள்ளையின் தடுமாற்றம்

கருவிகள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. எது புதிது, எது கண்ணைக் கவருகிறது என்று தேடிப் போனால் இரவு முழுக்கத் தேடினாலும் முடியாது. மறுநாள் வகுப்பில் வண்ண வண்ணமாக ஏதோ ஓடும், பிள்ளைகள் கைதட்டுவார்கள், பாடம் நின்ற இடத்திலேயே நிற்கும். ஆகவே தேடுவதற்கு முன், "இந்தப் பாடத்தில் பிள்ளைகள் எந்த இடத்தில் தடுமாறுகிறார்கள்?" என்று கேட்டுக்கொள்ள வேண்டும். அந்தத் தடுமாற்றத்தைத் தீர்க்கும் கருவியை மட்டும் எடுத்தால் போதும். ஒரு பாடத்தை எடுத்துக்கொண்டு இதைப் பார்ப்போம்.

பின்னங்கள் கற்கும் வகுப்பில், 4-இல் 1 பெரிதா, 8-இல் 1 பெரிதா என்று கேட்டால் பல பிள்ளைகள் 8-இல் 1 தான் பெரிது என்பார்கள். 4-ஐ விட 8 பெரிய எண்தானே என்பது அவர்கள் கணக்கு. இதுதான் அந்தப் பாடத்தின் தடுமாற்றம்.

இதைத் தீர்க்க முதல் கருவி நம் அடுப்படியில் இருக்கிறது. ஒரு சப்பாத்தியை நாலாகவும், அதே அளவுள்ள இன்னொன்றை எட்டாகவும் பிய்த்துக் காட்டினால் துண்டு சிறுத்துப் போவதைப் பிள்ளை கண்ணால் பார்க்கும். இரண்டாவது கருவி நம் மொழியில் இருக்கிறது. 4-இல் 1 என்பதைக் கால் என்கிறோம். 8-இல் 1 என்பதை நம் பெரியவர்கள் அரைக்கால் என்றார்கள். காலில் பாதி என்று அந்தச் சொல்லே விடையைச் சொல்லிவிடுகிறது. வீட்டில் பாட்டிமார்களைக் கேட்டால் 16-இல் 1 வீசம் என்பது வரை சொல்வார்கள்.

மூன்றாவதாகத்தான் இணையக் கருவி வருகிறது. அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில், நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளர் கார்ல் வீமன் 2002-இல் தொடங்கிய திட்டம் ஃபெட். கணக்கிலும் அறிவியலிலும் பிள்ளைகள் தாங்களே அசைத்துப் பார்த்துக் கற்கும் செயல்முறைகள் அதில் இலவசமாகக் கிடைக்கின்றன. பல செயல்முறைகள் தமிழிலும் உண்டு. பின்னங்களுக்கான செயல்முறையில் கீழே உள்ள எண்ணைக் கூட்டக் கூட்ட, வட்டம் கூடுதல் துண்டுகளாகப் பிரிந்து ஒவ்வொரு துண்டும் சிறுத்துக்கொண்டே போகும். சப்பாத்தியை 8-க்கு மேல் பிய்க்கச் சிரமம். இங்கே ஒரு தொடுதலில் எண்ணை மாற்றிப் பார்க்கலாம். அதே பின்னத்தை எண்கோட்டிலும் காட்டலாம். சப்பாத்தி காட்ட முடியாததைக் கருவி காட்டுகிறது. அதனால்தான் அதற்கு இந்தப் பாடத்தில் இடம் இருக்கிறது.

நான்காவதாக, எல்லோருக்கும் புரிந்ததா என்று தெரிய வேண்டும். "புரிந்ததா?" என்று கேட்டால் வகுப்பு மொத்தமும் "புரிந்தது டீச்சர்" என்றுதான் சொல்லும். இதற்கு பிளிக்கர்ஸ் என்ற கருவி உதவும். பிள்ளைகளிடம் செல்போன் தேவையில்லை. ஒவ்வொரு பிள்ளைக்கும் காகிதத்தில் அச்சிட்ட ஓர் அட்டை கொடுக்கப்படும். அட்டையின் நான்கு பக்கமும் நான்கு விடைகளைக் குறிக்கும். தன் விடை மேலே வரும்படி பிள்ளை அட்டையைத் தூக்கிப் பிடிக்க வேண்டும். ஆசிரியர் தன் செல்போன் கேமராவை வகுப்பின் மேல் ஓட்டினால் யார் எந்த விடை சொன்னார்கள் என்று தெரிந்துவிடும். பக்கத்துப் பிள்ளைக்கு மற்றவர் விடை தெரியாது. வகுப்பில் வாய் திறக்கக் கூச்சப்படும் பிள்ளைக்கும் இதில் இடம் உண்டு. இலவசக் கணக்கில் ஒரு முறைக்குக் கேட்கும் கேள்விகளின் எண்ணிக்கைக்கு வரம்பு இருக்கிறது. ஒரு பாடவேளையின் முடிவில் இரண்டு மூன்று கேள்வி கேட்க அது போதும். பிள்ளைகளின் பெயரைப் பதியாமல் அட்டை எண்ணை மட்டும் வைத்தே நடத்தலாம் என்பது இதில் இன்னொரு நன்மை.

ஒரு பாடம், ஒரு தடுமாற்றம், அதற்கு நான்கு கருவிகள். அவற்றில் இரண்டுக்கு இணையமே வேண்டாம். நல்ல பாடக்குறிப்பு இப்படித்தான் இருக்கும்.

பயனுள்ள வேறு சில கருவிகள்

தமிழ் வாசிப்புக்கு ஸ்டோரிவீவர். பிரதம் புக்ஸ் என்ற லாபநோக்கற்ற நிறுவனம் 2015 செப்டம்பர் 8 அன்று, உலக எழுத்தறிவு நாளில், இதைத் தொடங்கியது. படங்களுடன் கூடிய சிறுவர் கதைகள் தமிழிலும் பல மொழிகளிலும் இருக்கின்றன. வாசிப்புத் திறனை வைத்து 4 நிலைகளாகப் பிரித்திருக்கிறார்கள். ஐந்தாம் வகுப்பில் இருந்தாலும் எழுத்துக் கூட்டிப் படிக்கும் பிள்ளைக்கு முதல் நிலைக் கதையைக் கொடுக்கலாம். வகுப்பைப் பார்த்துக் கொடுப்பதை விட வாசிப்பைப் பார்த்துக் கொடுப்பதே பலன் தரும். கதைகளைப் பதிவிறக்கவும், அச்சிடவும், மொழிபெயர்க்கவும் அனுமதி உண்டு. எழுதியவர், வரைந்தவர் பெயரைச் சொல்ல வேண்டும் என்பதுதான் நிபந்தனை.

வாசிப்பில் இணையக் கருவியைப் பெரிய அளவில் நம் மாநிலமே பயன்படுத்திப் பார்த்திருக்கிறது. கொரோனாவால் பள்ளிகள் மூடிக் கிடந்தபின், 2021 அக்டோபரில் இல்லம் தேடிக் கல்வித் திட்டம் தொடங்கியது. தன்னார்வலர்கள், அவர்களில் பெரும்பாலும் பெண்கள், மாலை நேரத்தில் தெருப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தார்கள். 2022 ஜூன் மாதம் அந்தத் திட்டத்தின் கீழ் 12 நாள் வாசிப்பு மாரத்தான் நடந்தது. பிள்ளை சத்தமாக வாசிப்பதைக் கேட்டு, தடுமாறும் சொல்லைச் சொல்லிக் கொடுக்கும் கூகுளின் ரீட் அலாங் செயலியை அதற்குப் பயன்படுத்தினார்கள். தன்னார்வலரின் அல்லது பெற்றோரின் செல்போனிலேயே அது நடந்தது. கருவி சொல்லைத் திருத்தும். பிள்ளையை உட்கார வைப்பதும், கதை என்ன சொல்கிறது என்று கேட்பதும் பக்கத்தில் இருந்த அக்காவின் வேலை.

வடிவியலுக்கு ஜியோஜீப்ரா. ஆஸ்திரியாவில் மார்க்குஸ் ஹோஹன்வார்ட்டர் 2001-இல் தன் பட்டப்படிப்பு ஆய்வுக்காக உருவாக்கியது. ஒரு முக்கோணத்தை வரைந்து அதன் முனையைப் பிடித்து இழுத்தால் கோணங்கள் மாறிக்கொண்டே இருக்கும், கூட்டுத்தொகை மட்டும் 180 பாகையிலேயே நிற்கும். கரும்பலகையில் பத்து முக்கோணம் வரைய வேண்டிய வேலையை இது ஒரு நிமிடத்தில் முடிக்கும். நம் பாடநூல்களில் உள்ள கணக்கு இணையச் செயல்பாடுகள் பலவும் இதில் செய்யப்பட்டவைதான்.

மாநில அரசின் கல்வித் தொலைக்காட்சி 2019 ஆகஸ்டில் தொடங்கியது. அதன் பாடங்களை யூடியூபிலும் பார்க்கலாம். 2023-இல் பள்ளிக்கல்வித் துறை மணற்கேணி என்ற செயலியை வெளியிட்டது. பாடக் கருத்துகளை அசையும் படங்களாக விளக்கும் வீடியோக்கள் அதில் இருக்கின்றன. பயிற்சி ஆசிரியர்கள் இவற்றை வகுப்பில் அப்படியே ஓடவிட்டு ஓரமாக நிற்பதை விட, முந்தின இரவு தாங்கள் பார்த்து, எந்த இரண்டு நிமிடம் தங்கள் பிள்ளைகளுக்கு வேண்டும் என்று குறித்து வைத்துக்கொள்வது நல்லது.

நம் மலையிலேயே ஒரு கருவூலம்

கொடைக்கானல் சூரிய ஆய்வகம் 1899-இல் நிறுவப்பட்டது. 1904 முதல் அங்கே சூரியனைப் படம் பிடித்து வருகிறார்கள். சூரியப் புள்ளிகளில் வாயு வெளிநோக்கிப் பாய்வதை ஜான் எவர்ஷெட் 1909-இல் கண்டறிந்தது இந்த ஆய்வகத்தில்தான். இன்றைக்கும் உலகம் அதை எவர்ஷெட் விளைவு என்றே அழைக்கிறது. நூறாண்டுக்கு மேற்பட்ட அந்தப் படங்களை இந்திய வான் இயற்பியல் நிறுவனம் கணினியில் ஏற்றி, எல்லோரும் பார்க்கும்படி இணையத்தில் வைத்திருக்கிறது.

அறிவியல் ஆசிரியராகப் போகும் பிள்ளைக்கு இதைவிட நல்ல பாடப்பொருள் வேண்டுமா? சூரியப் புள்ளிகள் தெளிவாகத் தெரியும் தொடர்ச்சியான 10 நாள் படங்களைத் தேர்ந்தெடுத்து அச்சிட்டுக் கொள்ளலாம். மெல்லிய காகிதத்தை மேலே வைத்து ஒரு புள்ளியின் இடத்தை நாளுக்கு நாள் குறிக்கச் சொன்னால், அது ஒரு ஓரத்தில் இருந்து மறு ஓரத்தை நோக்கி நகர்வதைப் பிள்ளைகள் தாங்களே கண்டுபிடிப்பார்கள். சூரியன் தன்னைத்தானே சுற்றுகிறது, பூமியில் இருந்து பார்க்க ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 27 நாள் ஆகிறது என்பதை அதன்பிறகு சொன்னால் மறக்காது. அதுவும் தங்கள் ஊர் மலையில் எடுத்த படம் என்று தெரியும்போது வரும் பெருமை தனி. ஒரு எச்சரிக்கை: வெறும் கண்ணால் சூரியனைப் பார்க்கக் கூடாது என்பதைப் பாடத்தின் தொடக்கத்திலேயே அழுத்திச் சொல்லிவிட வேண்டும்.

"இலவசம்" என்பதற்கு மூன்று கேள்விகள்

இலவசம் என்று போட்டிருப்பதெல்லாம் நமக்கு இலவசமாக முடிவதில்லை. ஒவ்வொரு கருவியிடமும் மூன்று கேள்விகள் கேட்க வேண்டும்.

முதல் கேள்வி: எப்போது காசு கேட்கும்? சில செயலிகள் ஏழு நாள் அல்லது ஒரு மாதம் இலவசம் என்று சொல்லி, தொடக்கத்திலேயே வங்கி அட்டை எண்ணையோ யூபிஐ அனுமதியையோ கேட்கும். நாள் முடிந்ததும் தானாகப் பணம் போகும். பணம் செலுத்தும் விவரத்தைக் கேட்கும் எதையும் இலவசக் கணக்கில் சேர்க்க வேண்டாம். மத்திய அரசின் ஸ்வயம் தளம் வேறு வகை. அதில் பாடங்களைப் படிப்பது இலவசம். சான்றிதழ் வேண்டுமென்றால் தேர்வுக்குக் கட்டணம் உண்டு. அதை முன்கூட்டியே வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறார்கள்.

இலவசக் கருவி ஒரு நாள் மூடப்படவும் கூடும் என்பதும் இந்தக் கேள்வியில் அடங்கும். பல ஆசிரியர்கள் பயன்படுத்திய கூகுளின் ஜேம்போர்டு 2024 டிசம்பர் 31-உடன் நிறுத்தப்பட்டது. ஜியோஜீப்ராவை 2021-இல் பைஜூஸ் நிறுவனம் வாங்கியது. 2024-இல் அந்த நிறுவனமே திவால் நடவடிக்கைக்கு உள்ளானது. ஜியோஜீப்ரா இலவசமாகத் தொடர்கிறது. ஆனாலும் நாம் செய்த பாடம் இன்னொருவர் கணினியில் மட்டும் இருந்தால் அது நம் கையில் இல்லை. பாடக்குறிப்பு, படம், கேள்வித்தாள் எல்லாவற்றுக்கும் நம் செல்போனிலோ பென்டிரைவிலோ ஒரு நகல் இருக்க வேண்டும்.

இரண்டாவது கேள்வி: சிக்னல் இல்லாவிட்டால் ஓடுமா? நம் மலையில் இது முக்கியமான கேள்வி. மழை பிடித்தால் கரண்ட் போவதும் சிக்னல் விட்டுவிட்டு வருவதும் எல்லோருக்கும் தெரிந்தது. யூடியூபில் சாதாரணத் தரத்தில் ஒரு மணி நேரம் வீடியோ பார்த்தால் ஏறத்தாழ அரை ஜி.பி. டேட்டா போய்விடும். அன்றாட ரீசார்ஜில் அது பெரிய பங்கு. ஃபெட் செயல்முறை ஒன்றின் அளவு சில எம்.பி.தான். ஒருமுறை கணினியில் பதிவிறக்கி வைத்தால் இணையம் இல்லாமலே ஓடும். ஜியோஜீப்ராவையும் கணினியில் நிறுவிக்கொள்ளலாம். ஸ்டோரிவீவர் கதைகளை பி.டி.எஃப் ஆக இறக்கி வைக்கலாம். விக்கிப்பீடியாவையே மொத்தமாக இறக்கி இணையம் இல்லாமல் படிக்க கிவிக்ஸ் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. முன்பு அரசு கொடுத்த லேப்டாப் வீட்டில் சும்மா கிடந்தால், பழுது பார்த்து இதற்குப் பயன்படுத்தலாம். பயிற்சிக்குப் போகும் பள்ளியில் சிக்னல் எப்படி என்று முதல் நாளே பார்த்துக்கொண்டு, இணையம் இல்லாமல் நடத்தும் வழியையும் பாடக்குறிப்பில் எழுதி வைப்பது ஆசிரியருக்கு அழகு.

மூன்றாவது கேள்வி: பிள்ளையைப் பற்றி என்ன கேட்கிறது? இதுதான் அதிகம் கவனிக்கப்படாதது. காசுக்குப் பதிலாகப் பிள்ளைகளின் பெயர், வயது, படம், இருக்கும் இடம் ஆகியவற்றைச் சேகரித்து, அதை விளம்பரத்துக்குப் பயன்படுத்தும் செயலிகள் உண்டு. எட்மோடோ என்ற அமெரிக்கக் கருவியைப் பல நாட்டு ஆசிரியர்கள் இலவசமாகப் பயன்படுத்தினார்கள். 2022-இல் அது மூடப்பட்டது. மறு ஆண்டு மே மாதம், பெற்றோரின் முறையான அனுமதி இல்லாமல் சிறுவர்களின் விவரங்களைச் சேகரித்து விளம்பரத்துக்குப் பயன்படுத்தியதாக அந்நாட்டு மத்திய வர்த்தக ஆணையம் அதன் மேல் 60 லட்சம் டாலர் அபராதம் அறிவித்தது. கொரோனா காலத்தில் 49 நாடுகளின் அரசுகள் பரிந்துரைத்த கல்விச் செயலிகளை ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அமைப்பு ஆராய்ந்து 2022-இல் அறிக்கை வெளியிட்டது. பத்தில் ஏறத்தாழ ஒன்பது, பிள்ளைகளின் தனிப்பட்ட விவரங்களுக்கு ஆபத்து உண்டாக்கும் வகையில் இருந்தன என்று அது சொன்னது.

அரசுத் தளம் என்றாலும் கவனம் வேண்டும். 2017-இல் தொடங்கிய திக்ஷா தளத்தில் நல்ல பாடங்கள் இருக்கின்றன. ஆனால் அதன் சேமிப்பகம் ஒன்று பாதுகாப்பில்லாமல் திறந்து கிடந்ததாகவும், அதில் 10 லட்சத்துக்கு மேற்பட்ட ஆசிரியர்களின் பெயரும் தொலைபேசி எண்ணும் இருந்ததாகவும் 2023 ஜனவரியில் செய்தி வெளியானது. பாடங்களைப் பார்ப்பதை நிறுத்தத் தேவையில்லை. கேட்பதை எல்லாம் கொடுக்காமல், தேவையானதை மட்டும் கொடுத்தால் போதும்.

2023-ஆம் ஆண்டு நம் நாட்டில் நிறைவேறிய தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயது நிறையாத எல்லோரையும் குழந்தை என்றே சொல்கிறது. அவர்களுடைய விவரங்களைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும் என்பது அதன் பொது விதி. வகுப்பில் உள்ள ஒவ்வொரு பிள்ளையும் ஆசிரியரிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். பிள்ளையின் பெயருக்குப் பதில் வரிசை எண்ணைப் பயன்படுத்துவது, பிள்ளைகளின் படத்தை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடாமல் இருப்பது, ஆசிரியர் மட்டும் கணக்குத் தொடங்கினால் போதும் என்கிற கருவிகளைத் தேர்ந்தெடுப்பது ஆகியவை அந்த அமானிதத்தைக் காக்கும் எளிய வழிகள்.

செயற்கை நுண்ணறிவைப் பற்றி ஒரு சொல்

2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்தபின், பாடக்குறிப்பையே எழுதித் தரும் கருவிகள் பெருகிவிட்டன. பத்துக் கேள்வி வேண்டும், ஒரு கதையை எளிதாக்க வேண்டும் என்பது போன்ற வேலைக்கு அவை உதவும். ஆனால் தவறான தகவலையும் உறுதியான தொனியில் சொல்லும். தமிழில் பிழைகளும் வரும். ஆகவே அது தரும் ஒவ்வொன்றையும் பாடநூலோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே வகுப்புக்குக் கொண்டுபோக வேண்டும். மாணவர்களின் பெயர், மதிப்பெண், குடும்ப விவரம் எதையும் அதில் தட்டச்சு செய்யக் கூடாது. பாடக்குறிப்பு முழுவதையும் அதனிடம் எழுதி வாங்குகிறவர், பிள்ளை எங்கே தடுமாறும் என்று யோசிக்கும் பயிற்சியை இழந்துவிடுகிறார். பி.எட். படிப்பதே அந்தப் பயிற்சிக்காகத்தானே?

பெண் பிள்ளைகள் வீடியோ எடுப்பது பற்றி

சில குடும்பங்கள் எங்களிடம் தயங்கிக் கேட்கும் கேள்வி இது. பாடம் நடத்துவதை வீடியோ எடுத்து அனுப்பச் சொல்கிறார்கள், பெண் பிள்ளையின் முகம் இணையத்தில் போகுமே என்ற கவலை. இதற்காகப் படிப்பையே நிறுத்தலாமா என்று யோசித்தவர்களும் உண்டு. அதற்குத் தேவையே இல்லை. வழிகள் இருக்கின்றன.

மாணவர்களுக்காகச் செய்யும் பாட வீடியோவில் ஆசிரியரின் முகம் வந்தாக வேண்டும் என்பதில்லை. செல்போனை மேலிருந்து கீழ்நோக்கி நிறுத்தி, கையும் நோட்டுப் புத்தகமும் மட்டும் தெரியும்படி எடுக்கலாம். அல்லது செல்போன் திரையைப் பதிவு செய்து குரலை மட்டும் சேர்க்கலாம். பல செல்போன்களில் திரைப்பதிவு வசதி தானாகவே இருக்கிறது. யூடியூபில் ஏற்றத்தான் வேண்டும் என்றால் "பிரைவேட்" என்று வைத்தால் நாம் அனுமதித்தவர் மட்டுமே பார்க்கலாம். "அன்லிஸ்டட்" என்று வைத்தால் இணைப்பு யாரிடம் இருந்தாலும் பார்க்கலாம். இந்த வித்தியாசம் தெரிந்திருக்க வேண்டும். நேரடியாகப் பாடம் நடத்தும் முறையை மதிப்பிட முகம் தெரியும் வீடியோ தேவை என்று கல்லூரி சொன்னால், பென்டிரைவில் கொடுக்கலாமா, மதிப்பிட்டபின் அழித்துவிடுவார்களா என்று மரியாதையாகக் கேட்கலாம். கேட்பது குற்றமில்லை.

குடும்பத்தார் செய்ய வேண்டியது

ஒன்று, நேரம். ஒரு பாடத்துக்குக் கருவி தேடி, தானே செய்து பார்த்து, பாடக்குறிப்பு எழுதத் தொந்தரவில்லாத நேரம் வேண்டும். இரவு எல்லோரும் தூங்கிய பிறகு களைத்துப்போய் உட்காரும் பெண் பிள்ளைக்கு அது கிடைப்பதில்லை. அஸருக்குப் பிறகோ, ஃபஜ்ருக்குப் பிறகோ ஒரு மணி நேரம் அடுப்படி வேலையை மற்றவர் பார்த்துக்கொண்டால் பெரிய உதவி. கணவர்மாரும் மாமியார்களும் இதை மனது வைத்துச் செய்ய வேண்டும்.

இரண்டு, செல்போன். வீட்டுக்கு ஒரே செல்போன் என்றால், அது பிள்ளையின் கைக்கு எப்போது வரும் என்று முடிவு செய்து வையுங்கள். சந்தேகமாக இருந்தால் பக்கத்தில் உட்கார்ந்து, "எந்தப் பாடம் தயார் பண்ணுகிறாய், காட்டு" என்று கேளுங்கள். பிள்ளை சந்தோஷமாகக் காட்டும். உங்களையே மாணவராக வைத்து நடத்திப் பார்க்கச் சொல்லுங்கள். பள்ளிக்கூடம் போகாத பெரியவருக்கும் புரியும்படி சொல்ல முடிந்தால் அந்தப் பாடம் தேறிவிட்டது.

மூன்று, பணம். கல்விச் செயலிக்கோ ஆன்லைன் சான்றிதழ்ப் படிப்புக்கோ தவணை முறையில் பெரிய தொகை கட்டச் சொல்லி யாராவது வீட்டுக்கு வந்தாலோ போனில் பேசினாலோ, அன்றே கையெழுத்துப் போட வேண்டாம். நகையை அடகு வைத்துச் செயலி வாங்க வேண்டிய அவசியம் பி.எட். படிப்பில் இல்லை. மேலே சொன்ன கருவிகளை வைத்தே ஓர் ஆசிரியர் நல்ல பாடம் நடத்த முடியும்.

நம் அறக்கட்டளையின் பங்காக, அலுவலகத்தில் உள்ள கணினியையும் இணைய இணைப்பையும் பி.எட். படிக்கும் பிள்ளைகள் ஞாயிற்றுக்கிழமை காலையில் பயன்படுத்திக்கொள்ளலாம். தேவையான செயல்முறைகளையும் கதைகளையும் இறக்கிப் பென்டிரைவில் எடுத்துப் போகலாம். பெண் பிள்ளைகள் வீட்டார் ஒருவருடன் வரலாம். பிளிக்கர்ஸ் அட்டைகளை ஒரு வகுப்புக்கு ஆகும் அளவுக்கு அச்சிட்டு வைக்க ஏற்பாடு செய்கிறோம். வாங்கிச் செல்பவர்கள் பயிற்சி முடிந்ததும் திருப்பித் தந்தால் அடுத்தவருக்கு உதவும். மக்தப் மதரஸாவில் ஓதிக்கொடுக்கும் உஸ்தாதுமார்களும் இவற்றைப் பயன்படுத்திக்கொள்ளலாம்.

பயிற்சி முடித்து வருபவர்களிடம் எங்களுக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. எந்தப் பாடத்தில் பிள்ளைகள் எங்கே தடுமாறினார்கள், எந்தக் கருவி உதவியது, எது உதவவில்லை என்று ஒரு பக்கம் எழுதித் தாருங்கள். சேர்த்து வைத்து, அடுத்து படிக்கப் போகும் தங்கைகளுக்கும் தம்பிகளுக்கும் கொடுப்போம்.

நம் பிள்ளைகளின் கல்வியைப் பயனுள்ள கல்வியாகவும், அவர்களிடம் படிக்கப் போகும் பிள்ளைகளுக்கு நன்மையாகவும் அல்லாஹ் ஆக்கித் தருவானாக. ஆமீன். வஸ்ஸலாம்.